வேண்டுகையின் மூன்றாம் வாசகர்: பண்டித ரமாபாயின் எழுத்துகளில் பெண்கல்வியும் திருச்சபைப் பணியும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பெண்கல்வி வளர்ந்த வரலாற்றில் கிறித்தவ மறைபரப்பு இயக்கங்களின் பங்கு பெரிது. அப்பங்கினை ஆராய்வோர் பெரும்பாலும் பள்ளிகளின் தோற்றம், பாடத்திட்டம், மதமாற்றம் ஆகியவற்றையே கருத்தில் கொள்கின்றனர். அப்பள்ளிகளை நடத்துவதற்காகக் கடல் கடந்த நாடுகளில் பொருள் திரட்டிய எழுத்துகள் இலக்கிய ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவது அரிது. வேண்டுகோள் நூல், ஆண்டறிக்கை, நன்கொடையாளர்க்கு எழுதிய கடிதம் ஆகிய இவை வரலாற்றுச் சான்றுகளாகப் பயன்படுத்தப்படுகின்றனவே அன்றி, தமக்கெனச் சொல்முறையும் வாசகரும் உடைய எழுத்துகளாக வாசிக்கப்படுவதில்லை.

இவ்வெழுத்துகளை இக்கட்டுரை 'வேண்டுகை எழுத்து' எனச் சுட்டுகிறது. இவ்வகையில் தனிச்சிறப்புடைய பண்டித ரமாபாயின் (1858-1922) படைப்புகளை, அவை எந்த வாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்டன என்னும் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ரமாபாயின் ஆங்கில நூலான 'உயர்சாதி இந்துப் பெண்' (1887), மராத்தியில் அமைந்த அமெரிக்கப் பயண நூல் (1889), இங்கிலாந்துக் காலக் கடிதங்கள், 'சாட்சியம்' (1907), மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பு ஆகியன இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வேண்டுகை எழுத்தின் இயல்பு

வேண்டுகை எழுத்து இந்தியாவுக்குப் புதியதன்று. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, அடுத்த ஆண்டே அங்குப் பெண்குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவரும் அவருடைய உடன்பணியாளரும் ஜெர்மனிக்கு எழுதியனுப்பிய அறிக்கைகள் 1710 முதல் ஹாலே நகரில் அச்சிடப்பட்டன. அவற்றைப் படித்தோர் அனுப்பிய பொருளுதவி அப்பணிக்கு ஆதாரமாயிற்று. பள்ளி தரங்கம்பாடியில் இருந்தது. அப்பள்ளியைப் பற்றிய எழுத்தின் வாசகரோ ஐரோப்பாவில் இருந்தனர். பின்னர் வந்த மறைபரப்புச் சங்கங்கள் பலவற்றிலும் இவ்வமைப்பே தொடர்ந்தது.

வேண்டுகை எழுத்தில் மூவர் இடம்பெறுகின்றனர். உதவி வேண்டி எழுதுபவர் ஒருவர். அதனைப் படித்து உதவுபவர் மற்றொருவர். எவருக்காக உதவி வேண்டப்படுகிறதோ அவர் மூன்றாமவர். இம்மூன்றாமவர் எழுத்தின் பொருளாக நிற்கிறார். அவ்வெழுத்தைப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை அவர் அறியார். அதனை மறுக்கவும் இயலார். உதவுபவரின் இரக்கத்தைத் தூண்ட வேண்டிய தேவை இருப்பதால், அவருடைய துன்பம் மிகுத்துக் காட்டப்படுவதற்கும் அவருடைய ஆற்றல் மறைக்கப்படுவதற்கும் இவ்வகை எழுத்தில் வாய்ப்பு உண்டு. இது எழுதுபவரின் நேர்மையைச் சார்ந்த குறை மட்டுமன்று. எழுத்துவகையின் அமைப்பிலேயே உள்ள இடர்ப்பாடாகும்.

ரமாபாயின் எழுத்து வாழ்க்கை இவ்விடர்ப்பாட்டின் நடுவே அமைந்தது. அவர் பொருள் வேண்டி எழுதியவர். அதே வேளையில், எவரைப் பற்றி எழுதினாரோ அக்கைம்பெண்களுள் ஒருவராகவும் இருந்தவர். எனவே எழுதுபவர், எழுதப்படுபவர் என்னும் இரு நிலைகளும் அவரிடம் ஒன்றுசேர்கின்றன.

ரமாபாய் பற்றிய முன்னை மதிப்பீடுகள்

ரமாபாய் பற்றிய மதிப்பீடுகள் நெடுங்காலம் இரு துருவங்களாக நின்றன. மறைபரப்பு இயக்கம் சார்ந்த வாழ்க்கை வரலாறுகள் அவரை அருளாளராகப் போற்றின. மராட்டியச் சமூகச் சீர்திருத்த வரலாறு அவரை மதம் மாறியவர் எனக் கருதி விளிம்பில் நிறுத்தியது. உமா சக்ரவர்த்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விலக்கத்தின் பின்னணியில் இருந்த சாதி, பாலின அரசியலை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் வெளிவந்த கௌரி விசுவநாதனின் நூல், மதமாற்றத்தை ஒரு கருத்து மறுப்பாகக் காணும் நோக்கில் ரமாபாயை ஆராய்ந்தது. மீரா கோசாம்பி ரமாபாயின் மராத்தி எழுத்துகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அவரைப் பெண்ணியச் சிந்தனையாளராக நிலைநிறுத்தினார்.

இவ்வாய்வுகள் யாவும் ரமாபாய் யார், அவர் ஏன் மதம் மாறினார் என்னும் வினாக்களை மையமாகக் கொண்டவை. அவர் யாருக்காக எழுதினார் என்னும் வினாவை முதன்மைப்படுத்தினால் அவருடைய எழுத்துகளுக்கிடையே வேறொரு தொடர்ச்சி புலப்படுகிறது.

கடிதங்கள்: கொடையும் கீழ்ப்படிதலும்

வேதம், புராணம் கற்ற அனந்த சாஸ்திரி டோங்க்ரேயின் மகளாகப் பிறந்த ரமாபாய், தம் தாய் இலட்சுமிபாயிடம் சமற்கிருதம் பயின்றார். மனைவிக்குச் சமற்கிருதம் கற்பித்தமைக்காகச் சமூக எதிர்ப்பைச் சந்தித்தவர் அனந்த சாஸ்திரி. புராணம் படித்தும் யாத்திரை செய்தும் வாழ்ந்த அக்குடும்பம் 1870களில் சென்னை மாகாணத்தில் பஞ்சத்திற்கு ஆளாயிற்று. பெற்றோரும் தமக்கையும் அடுத்தடுத்து இறந்தனர். 1878இல் தமையனுடன் கல்கத்தா சென்ற ரமாபாயின் புலமையைக் கண்ட அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதை', 'சரசுவதி' என்னும் பட்டங்களை அளித்தனர். 1880இல் வங்காளியான விபின் பிகாரியைச் சாதி கடந்து மணந்த அவர், 1882இல் பெண்குழந்தையுடன் கைம்பெண்ணானார். அவ்வாண்டே புனேயில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். 1883இல் இங்கிலாந்து சென்று வாண்டேஜ் நகரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அங்கேயே திருமுழுக்குப் பெற்றார்.

இங்கிலாந்தில் அவருக்கு உறையுளும் கல்வியும் அளித்தது திருச்சபை. அதற்கு ஈடாக அது கீழ்ப்படிதலை எதிர்பார்த்தது. 1977இல் ஏ.பி. ஷா பதிப்பித்து வெளிவந்த கடிதத் தொகுப்பு இதனைத் தெளிவுறக் காட்டுகிறது. சிலுவையில் இலத்தீன் சொற்கள் பொறிக்கப்படுவதை ரமாபாய் ஏற்க மறுக்கிறார். தம் நாட்டு மக்களுக்கு விளங்காத அம்மொழிக்குச் சமற்கிருதத்தை விட உயர்ந்த புனிதம் எதுவும் இல்லை என்பது அவர் வாதம். மூவொரு கடவுட் கோட்பாடு குறித்துத் தொடர்ந்து வினா எழுப்புகிறார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது அவர் ஆண் மாணவர்க்குக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. இந்தியாவில் பணியாற்றிய ஆயர்கள் அதனைத் தகாதது எனத் தடுத்தனர். புரோகிதர் அதிகாரத்திலிருந்து அரிதின் விடுபட்ட தமக்கு இன்னோர் அதிகாரத்தின் கீழ்ச் செல்லும் எண்ணம் இல்லை என்பதை அவர் ஒளிவின்றித் தெரிவித்தார்.

இக்கடிதங்களை வெறும் சமயக் கருத்து வேறுபாடாகக் கொள்வது போதாது. உதவி பெறுபவர் உதவி செய்பவருக்கு எதிர்மொழி கூறும் அரிய ஆவணம் இது. வேண்டுகை எழுத்தில் வாய்பேசாத மூன்றாமவர் இங்கே வாய்திறந்து வாதிடுகிறார். பின்னர்த் தாமே வேண்டுகை நூல் எழுத நேர்ந்தபோது, உதவி பெறுபவரின் நிலை எத்தகையது என்னும் பட்டறிவு ரமாபாய்க்கு இருந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

'உயர்சாதி இந்துப் பெண்': கடல் கடந்த வாசகர்

ரமாபாய் 1886இல் தம் உறவினரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறும் விழாவைக் காண அமெரிக்கா சென்றார். அங்கேயே தங்கி அவர் எழுதிய 'உயர்சாதி இந்துப் பெண்' 1887இல் பிலடெல்பியாவில் வெளிவந்தது. குழந்தைப் பருவம், மணவாழ்க்கை, சமயத்திலும் சமூகத்திலும் பெண்ணின் இடம், கைம்மை என ஒரு பெண்ணின் வாழ்நாளைப் பின்பற்றிச் செல்லும் இந்நூல், இறுதி இயலில் வேண்டுகோளாக முடிகிறது.

நூலின் பெரும்பகுதி வேண்டுகை எழுத்தின் வழக்கமான பாதையிலேயே செல்கிறது. மனுநூலின் விதிகள் நடைமுறை வாழ்க்கையின் முழு விளக்கமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வட்டார வேறுபாடுகளும் சாதி வேறுபாடுகளும் பின்தள்ளப்படுகின்றன. தலைப்பு உயர்சாதிப் பெண்ணைச் சுட்டினும், இந்தியப் பெண் அனைவரின் நிலையும் இதுவே என்னும் எண்ணம் அயல்நாட்டு வாசகருக்கு எழும் வண்ணம் நூல் அமைந்துள்ளது. கைம்பெண் மணம் உழைக்கும் சாதிகள் பலவற்றில் வழக்கில் இருந்தமையை நோக்க, இஃது ஒரு குறையே ஆகும்.

எனினும் நூலின் அமைப்பு இப்பொதுமைப்படுத்தலை உள்ளிருந்தே மறுக்கிறது. நூல் ரமாபாயின் தாயார் நினைவுக்குப் படைக்கப்பட்டுள்ளது. அத்தாயார் சமற்கிருதம் கற்றவர். தம் மகளுக்கு ஆசிரியராக விளங்கியவர். அடுத்து வருவது பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லியின் அறிமுகவுரை. அவ்வுரை, மருத்துவராகி 1887 பிப்ரவரியில் மறைந்த ஆனந்திபாயையும் பண்டிதையாகப் போற்றப்பட்ட ரமாபாயையும் பேசுகிறது. தம்மைக் கட்டாய மணவாழ்வுக்கு உட்படுத்தலை நீதிமன்றத்தில் எதிர்த்த ருக்மாபாயின் வழக்கும் நூலில் இடம்பெறுகிறது. கல்வியும் உரிமையும் மறுக்கப்பட்ட பெண்களைப் பற்றிய நூலின் வாயிலிலும் உள்ளிலும் கற்ற இந்துப் பெண்கள் நிற்கின்றனர். இரக்கத்திற்குரியவளாகக் காட்டப்படும் பெண்ணின் உள்ளாற்றலை வாசகர் மறந்துவிடாதவாறு இவர்கள் தடுக்கின்றனர் எனலாம்.

வேண்டுகோள் இயலில் ரமாபாய் முன்வைக்கும் தேவைகள் மூன்று: தற்சார்பு, கல்வி, தம் நாட்டுப் பெண் ஆசிரியர். இவ்வரிசை கருதத்தக்கது. முதலில் வைக்கப்படுவது தற்சார்பு. இறுதியில் வேண்டப்படுவது உள்நாட்டு ஆசிரியர். கடல் கடந்து வரும் மறைபணிப் பெண்களைக் கொண்டு கல்வி வளர்க்கும் முறையையே அமெரிக்க வாசகர் அறிந்திருந்தனர். அவர்களிடமே உள்நாட்டுப் பெண்களை ஆசிரியராக்கப் பொருள் வேண்டுகிறார் ரமாபாய். உதவி வேண்டப்படுவது பின்னர் உதவி வேண்டாத நிலையை எய்துவதற்காகவே என்பது இதன் உட்பொருள்.

அமெரிக்கப் பயண நூல்: திருப்பிக் காட்டிய கண்ணாடி

1887 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் தோன்றியது. பல ஊர்களிலும் அமைந்த ரமாபாய் வட்டங்களின் உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு டாலரேனும் பத்தாண்டுகள் தர உறுதி அளித்தனர். 1889இல் தாயகம் திரும்பிய ரமாபாய், அவ்வாண்டே அமெரிக்க மக்களின் வாழ்நிலை குறித்த தம் பயண நூலை மராத்தியில் வெளியிட்டார். ஆங்கில நூலையும் இம்மராத்தி நூலையும் இணைத்து வாசிப்பது பயனுடையது.

முன்னதில் இந்தியப் பெண் அமெரிக்க வாசகருக்குக் காட்டப்படுகிறார். பின்னதில் அமெரிக்கப் பெண் மராத்தி வாசகருக்குக் காட்டப்படுகிறார். அமெரிக்காவின் ஆட்சிமுறை, இல்வாழ்க்கை, கல்வி, சமய அமைப்புகள், பெண்களின் நிலை ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. அமெரிக்கப் பெண்கள் பெற்ற கல்வி இயல்பாக வாய்த்ததன்று. எதிர்ப்பையும் ஏளனத்தையும் தாங்கி, அண்மைக்காலத்தில் போராடிப் பெற்றது என்பதை நூல் எடுத்துரைக்கிறது. பாட்லி தலைமை வகித்த மகளிர் மருத்துவக் கல்லூரியே 1850இல்தான் நிறுவப்பட்டது என்பது இங்கு எண்ணத்தக்கது. கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கம் போன்ற அமைப்புகளில் பெண்கள் ஒன்றுகூடிச் செயலாற்றும் முறையும் விளக்கப்படுகிறது. அதே வேளையில், முதற்குடி மக்களுக்கு வந்தேறிகள் இழைத்த கொடுமையும் கறுப்பின மக்கள் மீதான பாகுபாடும் மறைக்கப்படவில்லை.

இந்நூலில் நன்கொடையாளர் தெய்வநிலைக்கு உயர்த்தப்படவில்லை. அவர்கள் தமக்கு முன்பே ஒரு போராட்டத்தைத் தொடங்கியவர்கள்; தம் நாட்டில் குறைகளும் உடையவர்கள். பெறுபவரும் தருபவரும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக நடப்பவர்கள் என்னும் பார்வை இங்கு உருவாகிறது. ஆங்கில நூல் தருபவரின் வாசிப்புக்குரியது. மராத்தி நூலோ, அத்தருபவரைப் பற்றித் தம் நாட்டாருக்குக் கூறுவது. வேண்டுகை எழுதியவர் ஒருவர், தமக்குக் கொடுத்தவரைப் பற்றித் தம் மொழியில் மதிப்பிட்டு எழுதியது இவ்வகை எழுத்தின் வரலாற்றில் அரிய நிகழ்வாகும்.

ஆயினும் இந்நூலின் வாசகரும் எழுத்தறிந்த மராத்தியரே. பள்ளிக்கு வரவிருந்த பெண் இன்னும் வாசகராகவில்லை.

சாரதா சதனம்: நடுநிலையின் எல்லை

1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதனம் தொடங்கப்பட்டது. 1890இல் புனேக்கு மாற்றப்பட்டது. பாஸ்டன் சங்கம் சமயச் சார்பின்மையை நிபந்தனையாக வைத்திருந்தது. மாணவியர் தத்தம் சாதி ஒழுக்கத்தைப் பேணவும் இடமளிக்கப்பட்டது. ரானடே, பண்டார்கர் முதலிய சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றனர். மாணவியர் சிலர் ரமாபாயின் வழிபாட்டில் கலந்துகொள்வதும் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்படுவதும் தெரியவந்தபோது 1893இல் எதிர்ப்பு மூண்டது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. ஆலோசனைக் குழுவினர் விலகினர். மாணவியர் பலர் வீட்டாரால் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர்.

இந்நிகழ்வை மதிப்பிடுவதில் இருதரப்பு நியாயங்களும் உள. நடுநிலை என்னும் வாக்குறுதியை நம்பிப் பெண்களை அனுப்பிய குடும்பங்களின் ஐயம் பொருளற்றதன்று. ஓர் இல்லத்தின் தலைவி அன்பும் உறையுளும் கல்வியும் தருபவராக இருக்கும்போது, அவருடைய வழிபாட்டறையின் கதவு திறந்திருப்பதே ஓர் அழைப்பாகிவிடும். அதிகார ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் விருப்பத்தையும் தூண்டுதலையும் பிரித்தறிதல் எளிதன்று. மறுபுறம், விவாதம் முழுவதும் ஆண்களிடையே நிகழ்ந்தது. இளம் கைம்பெண் ஒருத்தி தன் வழிபாட்டைத் தானே தேர்ந்துகொள்ளக்கூடும் என்பதை அன்றைய எதிர்ப்பாளர் கருதவில்லை. இருதரப்பிலும் மூன்றாமவரின் குரல் கேட்கப்படவில்லை.

முக்தி: பள்ளி திருச்சபையாதல்

1896-97ஆம் ஆண்டுப் பஞ்சம் ரமாபாயின் பணியை முற்றிலும் மாற்றியது. மத்திய மாகாணங்களுக்குச் சென்ற அவர், பட்டினியில் வாடிய சிறுமியரையும் பெண்களையும் அழைத்துவந்து புனேக்கு அருகிலுள்ள கேட்காவில் குடியமர்த்தினார். முதற்கட்டத்தில் ஏறத்தாழ முந்நூறு பேராக இருந்த இத்தொகை, 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஆயிரத்தைக் கடந்தது. தாமே பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர் என்பதால் இப்பணி அவருக்குத் தன் வாழ்வின் மறுநிகழ்வாக அமைந்தது. 'சாட்சியம்' என்னும் தன்வரலாற்று நூல் தம் இளமைக்காலப் பஞ்ச நினைவை விரிவாகக் கூறுவது இத்தொடர்பினை உறுதிப்படுத்துகிறது.

'உயர்சாதி இந்துப் பெண்' என்னும் தலைப்பு இங்குப் பொருளிழந்தது. பஞ்சத்திலிருந்து வந்தோர் பல சாதியினர். உழவர் குடிப்பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். நூல் வகுத்த எல்லையை நிறுவனம் கடந்தது. நெசவு, தையல், பால்பண்ணை, எண்ணெயாட்டல், அச்சுக்கோத்தல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோர்க்கும் தனிக் கல்வி அளிக்கப்பட்டது. வேண்டுகோள் இயலில் முதலில் வைக்கப்பட்ட தற்சார்பு, இங்கு நடைமுறையில் வடிவம் பெற்றது.

அதே வேளையில் சமய நடுநிலையும் முடிவுற்றது. பாஸ்டன் சங்கம் உறுதியளித்த பத்தாண்டுக் காலம் முடிந்தபின், 1898இல் ரமாபாய் மீண்டும் அமெரிக்கா சென்றார். அச்சங்கம் புதிதாக அமைக்கப்பட்டது. பழைய நிபந்தனை தொடரவில்லை. முக்தி வெளிப்படையான கிறித்தவ நிறுவனமாயிற்று, ஆலயம் எழுந்தது. 1905இல் அங்கு எழுந்த சமய எழுச்சி அயல்நாடுகளிலும் பேசப்பட்டது. பள்ளியை நாடி வந்தோர் திருச்சபையின் உறுப்பினராயினர். எந்த ஒரு சபைப்பிரிவின் ஆட்சிக்கும் முக்தியை ஒப்படைக்காமல் ரமாபாய் தனித்தே நடத்தியமை, இங்கிலாந்துக் கடிதங்களில் கண்ட மறுப்பின் தொடர்ச்சி எனலாம். ஆனால் தமக்கு வேண்டிய அம்மறுப்புரிமை, பஞ்சத்தில் மீட்கப்பட்டுத் தம் அரவணைப்பில் வாழ்ந்த சிறுமியர்க்கு எவ்வளவு இருந்தது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. போக்கிடம் அற்றவருக்கு மறுத்தல் எளிதன்று. ரமாபாயைப் போற்றும் எழுத்துகள் இவ்வினாவைத் தவிர்த்தே செல்கின்றன.

எளிய மராத்தி: மூன்றாம் வாசகர்

முக்தியில் ரமாபாய் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டது விவிலிய மொழிபெயர்ப்பில் ஆகும். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று மூலத்திலிருந்து மராத்தியில் பெயர்த்தார். அன்று வழங்கிய மராத்தி விவிலியத்தின் சமற்கிருதச் சார்பு, கல்வி குறைந்த பெண்களுக்குத் தடையாக இருப்பதை அவர் கண்டார். எனவே எளிய பேச்சுநடையைத் தேர்ந்தார். முக்தியின் அச்சகத்தில் பெண்களே அச்சுக்கோத்தனர். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது.

இம்மொழிபெயர்ப்பினைச் சமயப் பணியாக மட்டும் காண்பது அதன் இலக்கியப் பொருளைக் குறைத்துவிடும். சமற்கிருதப் புலமைக்காகச் 'சரசுவதி' எனப் போற்றப்பட்டவர், அப்புலமையின் சாயல் தம் நடையில் படாதவாறு எழுதுகிறார். 1887இல் அவருடைய வாசகர் அமெரிக்க நன்கொடையாளர்; 1889இல் எழுத்தறிந்த மராத்தியர்; இறுதி நூலிலோ பஞ்சத்திலிருந்து மீண்டு எழுத்தறிவு பெற்ற பெண். வேண்டுகையின் பொருளாக இருந்த மூன்றாமவர் இங்குதான் முதன்முறையாக வாசகர் ஆகிறார். அவருக்காக எழுதப்பட்டது, அவருக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்டது, அவர் கையாலேயே அச்சேறியது. ரமாபாயின் எழுத்து வாழ்க்கையின் தொடர்ச்சி இப்பெயர்ச்சியில் அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆயினும் அவ்வாசகருக்குத் தரப்பட்டது மறைநூல். ஆங்கில வாசகருக்குச் சமூக ஆய்வும், மராத்திக் கற்றோருக்கு அரசியலும் நாட்டியலும் கூறிய ரமாபாய், அமெரிக்க நூலில் எழுப்பிய வினாக்களை இவ்வெளிய மராத்தியில் அப்பெண்ணுக்கு எழுதவில்லை. மூன்றாம் வாசகர் மொழியைப் பெற்றார். அம்மொழியில் முதன்மையாகப் பெற்றது நம்பிக்கையின் நூல். பள்ளி திருச்சபையானதன் பெறுபேறும் எல்லையும் இதுவே.

மாணவியின் எழுத்து

மூன்றாம் வாசகர் எழுத்தாளராவதற்கும் ஒரு சான்று உண்டு. சாரதா சதனத்தின் தொடக்ககால மாணவியருள் ஒருவர் கோதுபாய் என்னும் இளம் கைம்பெண். 1893இல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டு ஆனந்திபாய் கார்வே ஆனார். கார்வே 1896இல் கைம்பெண்கள் இல்லத்தையும் 1916இல் மகளிர் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். ஆனந்திபாயின் மராத்தித் தன்வரலாறு 'மாஜே புராண்' 1944இல் வெளிவந்தது. சாரதா சதன வாழ்க்கை அதில் மாணவியின் நோக்கில் இடம்பெறுகிறது.

ஆனந்திபாய் மதம் மாறவில்லை. ரமாபாய் அளித்த கல்வியைப் பெற்றுத் தம் வழியே சென்றார். ரமாபாயின் வேண்டுகோள் இயல் எதிர்பார்த்த தற்சார்பு, ரமாபாயின் சமயத்திற்கு வெளியே நின்றும் நிறைவேறியது என்பதற்கு இவரே சான்று. புராணம் படித்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவரிடம் கல்வி பெற்ற ஒருவர், தம் வாழ்க்கையைத் 'தம் புராணம்' எனப் பெயரிட்டு எழுதியது எண்ணத்தக்கது. 1887இல் பிறரால் பேசப்பட்டவர், அரை நூற்றாண்டுக்குப் பின் தம் வாழ்க்கையைத் தம் மொழியில் தாமே பேசுகிறார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு:

மறைபரப்புப் பணி சார்ந்த வேண்டுகை எழுத்து, உதவி பெறுபவரைப் பொருளாகவும் உதவி செய்பவரை வாசகராகவும் கொண்டு அமைகிறது. ரமாபாய் இவ்வமைப்பினுள் நின்றே எழுதினார். அதன் பொதுமைப்படுத்தலுக்கு அவருடைய ஆங்கில நூலும் விலக்கன்று.

எனினும் கற்ற பெண்களை நூலினுள் நிறுத்தியும், தற்சார்பையும் உள்நாட்டு ஆசிரியரையும் வேண்டியும், கொடுத்தவரைத் தம் மொழியில் மதிப்பிட்டும் அவ்வமைப்பை அவர் உள்ளிருந்து நெகிழ்த்தினார்.

அவருடைய எழுத்து, நன்கொடையாளரிடமிருந்து தொடங்கி, எவருக்காக நன்கொடை வேண்டப்பட்டதோ அப்பெண்ணை வாசகராகக் கொள்வதில் முடிகிறது. மறைநூலை முதன்மையாகக் கொண்டு அப்பயணம் நின்றது அதன் எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால் ஆனந்திபாய் போன்ற மாணவியர் தாமே எழுதத் தொடங்கினர்.

பெண்கல்விக்கு உதவிய மறைபரப்புப் பணியை மதிப்பிடப் பள்ளிகளின் எண்ணிக்கையும் மதம் மாறியோர் தொகையும் போதிய அளவுகோல்கள் ஆகா. அப்பள்ளியில் பயின்ற பெண், தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கவும், அதற்கு மாறாக எழுதவும் வல்லவரானாரா என்பதே பொருத்தமான அளவுகோலாகும். தரங்கம்பாடி தொடங்கித் தமிழ்நிலத்தில் எழுதப்பட்ட மறைபணி அறிக்கைகளையும், அப்பள்ளிகளில் பயின்ற பெண்களின் எழுத்துகளையும் இந்நோக்கில் இணைத்து ஆராய்வது தமிழ் உரைநடை வரலாற்றுக்குப் பயன் தரும்.